சென்னையில் ஏ.ஏ. கூட்டங்கள்: கட்டணம் இல்லை, கதவைக் கண்டுபிடிப்பதுதான் பாடு

"இனிமேல் குடிக்கப் போவதில்லை, என்ன செய்யட்டும்?" என்று ஒருவர் கேட்கும் நேரம் ரொம்பக் கொஞ்சம்தான். காலையில் கேட்டவர் பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறந்ததும் மனம் மாறிவிடலாம். அதற்குள் அவரைக் கூட்டத்தில் உட்கார வைக்க முடிகிறதா? குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ.வை மதிப்பிட நாங்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் தொடங்கியது இந்த அமைப்பு. சென்னையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கூடும் குழுக்கள் இருக்கின்றன. சேர்க்கைக் கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. கூட்டத்தில் ஒரு பையோ தட்டோ சுற்றி வரும். இடத்துக்கான வாடகையும் டீச் செலவும் அதில் விழும் பணத்தில்தான். முதல் தடவை வந்தவர் அப்படியே அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம், யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். ஏ.ஏ. பெயரைச் சொல்லி "தங்க வைத்துக் குணப்படுத்துகிறோம், மாதம் இவ்வளவு" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஏ.ஏ. மருத்துவமனையும் நடத்துவதில்லை, விடுதியும் நடத்துவதில்லை.

பலவீனம் எங்கே என்றால், இடத்தைக் கண்டுபிடிப்பதில். பெரும்பாலும் பள்ளி வகுப்பறையிலோ சர்ச் வளாகத்து அறையிலோதான் கூடுவார்கள். தெருவில் போர்டு இருக்காது. கூட்டங்களின் பட்டியலில் வளாகத்தின் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே போனால் நாலு கட்டடம், வாட்ச்மேனுக்கும் விவரம் தெரியாது. வட்டத்துக்குள் முக்கோணம் வரைந்த சின்ன அட்டையைச் சில குழுக்கள் அறைக் கதவில் மாட்டியிருப்பார்கள். அதைப் பார்க்கும் முன்பே கால் கூசித் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அப்படித் திரும்புகிறவர் நேராக வீட்டுக்குப் போவார் என்று சொல்ல முடியாது.

அதனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். குழு இடம் மாறியிருக்கலாம், நேரம் மாறியிருக்கலாம். ஏ.ஏ. தொடர்பு எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இன்றைக்குக் கூட்டம் உண்டா, தமிழிலா, எந்த கேட் என்று கேளுங்கள். ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா என்பதையும் கேட்க வேண்டும். ஓப்பன் என்றால் மனைவியோ அண்ணனோ கூட வந்து உட்காரலாம். க்ளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவருக்கு மட்டும். கடைசியாக, "கேட்டில் யாராவது நிற்க முடியுமா?" என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். எதிர்முனையில் இருப்பவரும் ஒரு காலத்தில் அதே கேட்டில் தயங்கி நின்றவராகத்தான் இருப்பார். எடுப்பவர்கள் தன்னார்வலர்கள், பகலில் வேலையில் இருக்கலாம். ஒரு தடவை எடுக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். 14446 என்ற அரசின் போதை மீட்பு உதவி எண்ணும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்கு வரக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதை ஒட்டி, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இல்லாதது கண்ணில் தெரிகிற குழப்ப நிலை வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவமனை, பிறகு கூட்டம்.

கூட்டம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். குறுக்கே பேச மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்று கேட்க வந்தேன்" என்றால் போதும். இனிஷியல், ஊர், வேலை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆன்லைன் கூட்டத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்: ஆபீஸ் கணக்கிலேயே ஜூமில் நுழைந்தால் முழுப் பெயரும் கம்பெனிப் பெயரும் திரையில் வந்து நிற்கும். நுழையும் முன் பெயரை மாற்றுங்கள்.

எல்லாக் குழுவும் ஒரே தரம் இல்லை. சில இடங்களில் மூத்தவர் ஒருவரே அரை மணி நேரம் பேசித் தீர்ப்பார். பெண்கள் குறைவு, தனியாகப் பெண்களுக்கான கூட்டம் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கடவுள் பேச்சு வரும், ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு. மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உறுப்பினர் பேச்சைக் கேட்கவே கூடாது. உறுப்பினர் யாரும் டாக்டர் போல நடந்துகொள்ளக் கூடாது என்று ஏ.ஏ.வின் சொந்தப் பிரசுரமே சொல்கிறது. ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாமல், வேறு வேறு குழுக்களில் ஆறு கூட்டமாவது உட்கார்ந்து பாருங்கள்.

பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் அலசியது. சிகிச்சையாளர்கள் முறையாக ஏ.ஏ.வுக்குள் கொண்டு சேர்த்தவர்கள், வேறு சிகிச்சை பெற்றவர்களைவிடத் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் முன்னே இருந்தார்கள். முகவரிச் சீட்டைக் கையில் திணித்து அனுப்பும் டாக்டர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போனைப் போட்டு, இன்னாரோடு போங்கள் என்று ஏற்பாடு செய்து அனுப்புவது வேறு.

குடிப்பவர் வர மறுத்தால் வீட்டில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. அதற்கும் கட்டணம் இல்லை, அவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போகலாம்.