ஜூனோ-60: கோரஸும் அதன் இரைச்சலும்

ரோலண்ட் நிறுவனத்தின் பழைய சிந்தசைசரான ஜூனோ-60 வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்ட நேரம் நல்ல நேரம்தான். என்னுடையது இப்போதுதான் சர்வீஸ் முடிந்து வந்திருக்கிறது. ஸ்லைடர்களுக்குள் சேர்ந்திருந்த பல வருடத் தூசியை எடுத்துவிட்டார்கள். ஒலியின் பளிச்சைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரை மெதுவாகத் திறக்கும்போது கேட்ட கரகரப்பு போய்விட்டது. ஆறு வாய்ஸும், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு குரல்களும், ஒரே அளவில் ஒலிக்கின்றன. இனி குறை சொல்ல ஒன்றும் இல்லை என்ற நினைப்பில், ஒலியை அகலமாக்கும் கோரஸ் பொத்தானை அழுத்தினேன். அந்த ‘ஸ்ஸ்ஸ்’ அப்படியே இருந்தது.

அது பழுது இல்லை. சர்வீஸ் செய்தவரும் அதைத்தான் சொன்னார். தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதலே இந்த மாடலுக்கு அந்த இரைச்சல் உண்டு. கோரஸ் அணைந்திருக்கும்போது வாத்தியம் அமைதியாக இருக்கிறது. பொத்தானை அழுத்தினால், ஒரு கீயைக்கூடத் தொடாதபோதும், இரண்டு ஸ்பீக்கரிலும் இரைச்சல் பரவி நிற்கிறது. வருடக்கணக்காக இதோடு வாழ்கிறேன். இன்னும் பழகவில்லை.

சரி, அந்தப் பொத்தானை அழுத்தாமலே வாசிக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் இந்த வாத்தியத்தின் கதையே இருக்கிறது.

1981-இல் ரோலண்ட் வெளியிட்ட ஜூப்பிட்டர்-8-இல் எட்டு வாய்ஸ். ஒவ்வொரு வாய்ஸுக்கும் ஒலி அலையை உருவாக்கும் ஆசிலேட்டர் இரண்டு, ஆக மொத்தம் 16. இரண்டையும் இம்மியளவு சுருதி விலக்கி வைத்தால் ஒலி தானாகவே பருத்துவிடும். ஆனால் அது பெரும் பணக்காரர்களுக்கும் பெரிய ஸ்டூடியோக்களுக்குமான வாத்தியம். அடுத்த வருடம், 1982-இல், எளிய இசைக்குழுக்காரர்களும் எட்டிப் பிடிக்கிற மாதிரி ஜூனோ-6 வந்தது. அதே ஆண்டிலேயே, 56 ஒலிகளைச் சேமித்து வைக்கும் வசதியோடு ஜூனோ-60-உம் வந்துவிட்டது. இரண்டிலும் வாய்ஸ் ஆறுதான், வாய்ஸுக்கு ஆசிலேட்டர் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றையும் புதுவிதமாகச் செய்தார்கள். முந்தைய அனலாக் சிந்தசைசர்களில் வோல்டேஜ்தான் சுருதியைத் தீர்மானிக்கும். அறை சூடானாலே சுருதி நகர்ந்துவிடும், அதுவும் ஒவ்வொரு ஆசிலேட்டரும் ஒவ்வொரு பக்கமாக நகரும். ஜூனோவில் ஒரே ஒரு மாஸ்டர் கடிகாரம். அதன் துடிப்பைக் கவுண்டர் சிப்புகள் வகுத்து ஆறு வாய்ஸுக்கும் தேவையான அதிர்வெண்ணைத் தருகின்றன. அலை அனலாக், அதை எப்போது தொடங்குவது என்ற கணக்கு மட்டும் டிஜிட்டல். இதனால் ஆறு கீயையும் சேர்த்துப் பிடித்தாலும் ஒன்றோடு ஒன்று சுருதி விலகாது. பாட்டுக்கு நடுவில் சுருதி போய்விடுமோ என்ற பயத்தோடு மேடையேறியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்!

ஆனால் விலகல் இல்லாத இடத்தில் அசைவும் இருக்காது. கோரஸை அணைத்துவிட்டு ஜூனோவின் ரம்பப்பல் அலையைக் கேளுங்கள். சுத்தமாக இருக்கும், கொஞ்சம் ஒல்லியாகவும் இருக்கும். கீழே ஒரு ஆக்டேவில் சப் ஆசிலேட்டரைச் சேர்த்தால் அடி கனக்கும், அகலம் வராது. அந்த அகலத்துக்காகச் சேர்த்ததுதான் கோரஸ். ரோலண்டுக்கு அது கைவந்த வேலை. 1975-இல் ஜேசி-120 கிட்டார் ஆம்ப்ளிஃபயரிலும், 1976-இல் தங்கள் பாஸ் (Boss) பிராண்டின் சிஇ-1 பெடலிலும் அதைச் செய்து பார்த்திருந்தார்கள்.

ஜூனோ-60-இன் உள்ளே எம்என்3009 என்ற சிப் இரண்டு உண்டு, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 256 படிகள். ஆறு வாய்ஸும் கலந்து வரும் ஒலி சின்னச் சின்ன மின்னூட்டங்களாகி, தீயணைக்க வரிசையில் நிற்பவர்கள் வாளித் தண்ணீரைக் கைமாற்றுவது போல, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போய்க்கொண்டே இருக்கும். கடைசிப் படிக்கு வந்து சேரச் சில மில்லிசெகண்டு ஆகும். கைமாற்றும் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைத்தால் தாமதமும் கூடிக் குறையும். தாமதம் மாறிக்கொண்டிருக்கும்போது சுருதி மிக மிக லேசாக ஏறி இறங்கும். இடப்பக்கச் சிப்பில் ஏறும் நேரத்தில் வலப்பக்கச் சிப்பில் இறங்கும். தாமதமான இந்த ஒலி நேரடி ஒலியோடு சேரும்போது, ஒரே ஆசிலேட்டர் பல ஆசிலேட்டராகிவிடுகிறது. 1969-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் கண்டுபிடித்த முறை இது. அத்தனை கை மாறும் வாளியில் தண்ணீர் சிந்தாமல் இருக்காது. 256 படி தாண்டி வரும் ஒலியும் கொஞ்சம் மங்கி, கூடவே இரைச்சலையும் சுமந்துகொண்டுதான் வரும். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் இதை நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில், அந்த விலைக்குள், இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம் அந்தப் பொத்தானை அழுத்துகிறேன். கோபமெல்லாம் எங்கே போகிறதென்று தெரிவதில்லை.

இதை எப்படி எழுதுவது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஃபில்டரை நடுவுக்குக் கொஞ்சம் கீழே வைத்து, ரம்பப்பல் அலையோடு சப் ஆசிலேட்டரை அரை அளவு கலந்து, ஒலி எழும் நேரமான அட்டாக்கையும் அடங்கும் நேரமான ரிலீஸையும் நீட்டிவிட்டு, இரண்டு கோரஸ் பொத்தான்களில் முதலாவதை அழுத்தி, இரண்டே சுரம், ஸ-வும் ப-வும், பிடித்துப் பாருங்கள். ஒலி ஸ்பீக்கர்களை விட்டு வெளியே வந்து நிற்கும். எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாது. அது அசைகிறது, ஆனால் அசைவை எண்ண முடியாது. முதல் கோரஸில் அந்த ஏற்ற இறக்கம் ஒருமுறை முடியச் சுமார் இரண்டு விநாடி ஆகிறது. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் வேகம். இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் அகலம் போய், சுழலும் ஒலிபெருக்கி போல வேகமாக நடுங்கும். ஆர்கன் மாதிரி ஒலிகளுக்கு அது சரி, மற்றபடி நான் தொடுவதில்லை. முதல் கோரஸ் போதும். வேகத்தையோ ஆழத்தையோ மாற்ற ஒரு ஸ்லைடர்கூடத் தரவில்லை. தராததே நல்லது. தந்திருந்தால் அதைத் திருத்திக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

மேடையில், குழுவோடு வாசிக்கும்போது இந்த இரைச்சல் யார் காதிலும் விழாது. தொல்லை ரெக்கார்டிங்கில்தான். மெதுவான, இடைவெளி நிறைந்த பாட்டு என்றால் ஹெட்ஃபோனில் பளிச்சென்று தெரியும். கோரஸ் போட்ட ஒரு ட்ராக்கின் மேல் அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்தால் இரைச்சல் 3 டெசிபல் ஏறும், நான்கு ட்ராக்கானால் 6 டெசிபல். ஒலி தாழ்ந்ததும் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போடலாமே என்பார்கள். நீண்ட ரிலீஸ் மெல்லத் தேய்ந்து அடங்கும் இடத்தில்தான் இந்த வாத்தியத்தின் அழகே இருக்கிறது, கேட் சரியாக அந்த வாலைத்தான் வெட்டும். எனக்கு ஓரளவு உதவியது ஒரே ஒரு வழி: ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும் விசிஏ-வின் லெவலை முடிந்த அளவு ஏற்றி வைத்து, கடைசி வால்யூமைக் குறைத்துக்கொள்வது. விசிஏ கோரஸுக்கு முன்னால் இருப்பதால், சிப்புக்குள் பலமான ஒலி போகும், இரைச்சல் அதன் அடியில் கொஞ்சம் அமுங்கும். மிகையாக ஏற்றினால் ஒலி சிதையும், காதால் கேட்டு நிறுத்த வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரைச்சல்தான் இதன் ஆன்மா, அது இல்லாவிட்டால் ஜூனோவே இல்லை என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஆன்மா அந்த அசைவில் இருக்கிறது. இரைச்சல் அதற்குக் கொடுக்கும் விலை. இந்த வாத்தியத்தைக் கம்ப்யூட்டரில் போலச் செய்யும் இப்போதைய ப்ளகின்கள் சிலவற்றில் இரைச்சலையும் மெனக்கெட்டுச் செய்து வைத்து, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு பொத்தானும் தருகிறார்கள். அந்தப் பொத்தானை என் வாத்தியத்தில் எத்தனை ஆசையோடு தேடியிருக்கிறேன்!

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கீயை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஒலி ஒன்றுதான். ஃபில்டருக்கும் விசிஏ-வுக்கும் சேர்த்து, ஒலி எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப் ஒரே ஒன்று. அது தனி அனலாக் சிப்பிலிருந்து வருவதால் சுறுசுறுப்பாக இருக்கிறது, சின்னச் சின்ன வெட்டு ஒலிகள் அருமையாக வரும். பிடித்த சுரங்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் ஆர்பெஜியேட்டர் உண்டு, வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பு கொடுத்து அதை ஓட்டலாம். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைக்கும் பொது முறையான மிடி கிடையாது. மிடியைப் பலர் முன்னிலையில் செய்து காட்டியதே 1983 ஜனவரியில்தான். கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6-ஐயும் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600-ஐயும் இணைத்து வாசித்துக் காட்டினார்கள். ரோலண்டை நிறுவிய இகுதாரோ காகெஹாஷிக்கும் சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் அதற்காக 2013-இல் டெக்னிகல் கிராமி விருது கிடைத்தது. ஜூனோ-60 அதற்கு முந்தியது, அதனால் டிசிபி என்ற ரோலண்டின் சொந்த இணைப்புதான் இருக்கிறது. கம்ப்யூட்டரோடு பேச வைக்க மாற்றுப்பெட்டி ஒன்று தேவை.

அதே 1983-இல் யமஹாவின் டிஜிட்டல் சிந்தசைசர் டிஎக்ஸ்7 வந்தது. விரலின் வேகத்துக்கு ஏற்பப் பேசும், மணி போல ஒலிக்கும், இரைச்சலும் மிகக் குறைவு. அனலாக் எல்லாம் பழையதாகிவிட்டது. ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த வாத்தியங்களைத்தான் இன்று இவ்வளவு விலைக்கு விற்கிறார்கள். இது நியாயமே இல்லை. ஜூனோ எளியவர்களுக்காகச் செய்த வாத்தியம். ஆசிலேட்டரை ஒன்றாகக் குறைத்து, என்வலப்பை ஒன்றாகக் குறைத்து, விலையை இறக்குவதற்காகவே வடிவமைத்த ஒன்றை இன்று சேகரிப்பாளர்கள் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கிறார்கள் என்றால் எரிச்சலாக இருக்கிறது.

அப்படியானால் 1984-இல் வந்த ஜூனோ-106 தேவலையா? 128 ஒலிகள், மிடி, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் போர்ட்டமெண்டோ எல்லாம் உண்டு. அதே கோரஸ், அதே இரைச்சல். ஆர்பெஜியேட்டரை எடுத்துவிட்டார்கள், என்வலப்பை ப்ராசஸரிடம் கொடுத்துவிட்டார்கள். அதைவிட முக்கியம், ஃபில்டரும் விசிஏ-வும் இருக்கும் 80017ஏ சிப்புகளின் மேல் பூசிய எப்பாக்ஸி காலப்போக்கில் கெட்டு, வாய்ஸ் ஒவ்வொன்றாகக் கரகரக்கும், பிறகு செத்துப்போகும். அசிட்டோனில் ஊறவைத்து அந்தப் பூச்சை நீக்கிப் பிழைக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். 60-இல் அந்தச் சிப் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டில் ஒன்று என்றால் நான் 60-ஐத்தான் சொல்வேன்.

இவ்வளவு சொன்ன பிறகு நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். அவர் செய்வது அமைதியான, மெதுவான இசை. இரவில் ஹெட்ஃபோனில் ஒவ்வொரு இடைவெளியையும் கேட்டுக் கேட்டுச் செதுக்குகிறவர். இந்த இரைச்சல் அவரை நிம்மதியாக இருக்க விடாது. நல்ல ப்ளகின் ஒன்று அவருக்குப் போதும், இரைச்சலை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். உங்களுடையதை விற்பீர்களா என்று அவர் அடுத்த கேள்வி கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: மாட்டேன். கேட்கவும் வேண்டாம்.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் பார்க்கப் போகும்போது ஸ்டீரியோ ஹெட்ஃபோன் கொண்டுபோங்கள். ஒரே கீயைத் திரும்பத் திரும்பத் தட்டி ஆறு வாய்ஸும் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவா என்று கேளுங்கள். ஒவ்வொரு ஸ்லைடரையும் முழு நீளத்துக்கு நகர்த்துங்கள். கோரஸை முதலில் ஒன்றிலும் பிறகு இரண்டிலும் போட்டு, இடது வலது இரண்டு பக்கமும் அசைகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அசைந்தால் ஒரு சிப் போயிருக்கலாம். கடைசியாகக் கோரஸை அணைத்துவிட்டுக் கையை எடுங்கள். அப்போதும் இரைச்சல் கேட்டால் அது வேறு கோளாறு, அந்த வாத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.