ஓடந்துறை காற்றாலையும் ஊராட்சியின் கரண்டு பில்லும்

இந்த முறை ஊருக்கு வந்தபோது மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைக்குப் போனேன். ஊட்டி ரோட்டில் மலையடிவாரத்தில் இருக்கும் ஊராட்சி. சொந்தமாகக் காற்றாலை வாங்கிய கிராமம் என்று பல வருடங்களாகக் கேள்விப்பட்டதுதான். ஆனால் அந்தக் காற்றாலையை ஊருக்குள் தேடக் கூடாது. அது உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று அந்தப் பக்கம்தான் பலமாக வீசும். காற்று இருக்கும் இடத்தில் பணத்தைப் போட்டிருக்கிறார்கள்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "தெருலைட்டு பெரிசில்லீங்க. தண்ணி மோட்டாருக்குத்தானுங்க கரண்டு பில்லு எகிறும்" என்றார். விஷயமே அதுதான். குடிநீர் ஏற்றும் மோட்டாரை எந்த ஊராட்சியாலும் நிறுத்தி வைக்க முடியாது. நல்ல தண்ணீர் கொடுக்கக் கொடுக்க மின்கட்டணமும் ஏறும். ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் இதற்கு வழி தேடினார்கள். 2003-ல் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் கருவியை வைத்தார்கள். அடுத்து, 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை. விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். ஒரு கிராம ஊராட்சி ஒரு கோடிக்கு மேல் கடன் வாங்கி, காற்றாலை வருமானத்திலிருந்தே அதை அடைப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மைவாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் சேர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும், ஊராட்சிக்குத் தேவை சுமார் 4.5 லட்சம் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. மிச்சத்தை வாரியத்துக்கு விற்றால் ஊராட்சிக்கு வருமானம்.

சிங்கப்பூரில் நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஏறக்குறைய இதே யோசனைதான். மொட்டைமாடி சோலார் தகடுகள் பகலில் லிஃப்ட், பொது விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருகின்றன. மீந்தது கிரிட்டுக்குப் போகிறது. அங்கே அரசே முன்னின்று செய்வதை இங்கே ஒரு ஊராட்சி தானாகவே செய்திருக்கிறது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

சரி, எல்லா இடத்திலும் இப்படியா? உறவினர் வீடு இருக்கும் வேறொரு ஊரில் காலை பதினொரு மணிக்கும் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அத்தனையும் புது எல்இடி. அணைக்க வேண்டிய சுவிட்ச் பெட்டி பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதே ஊரில் பசுமை வீடு ஒன்றுக்கும் போயிருந்தேன். 2011-12-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் கட்டிய 300 சதுர அடி வீடு. கூரை மேல் சோலார் தகடு பளிச்சென்று இருக்கிறது, அந்த வீட்டு அக்கா துடைத்தே வைத்திருக்கிறார். ஆனால் பேட்டரி செத்துப்போய் மூலையில் கிடக்கிறது, அதன் மேல் அரிசி மூட்டை. புதுசு வாங்க அவரிடம் காசில்லை. திட்டத்தில் தகடுக்குப் பணம் ஒதுக்கும்போதே சில வருடங்கள் கழித்து மாற்ற வேண்டிய பேட்டரிக்கும் சேர்த்து ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி நடத்துபவர்கள் அவர்களை ஒருநாள் ஓடந்துறைக்குக் கூட்டிப் போகலாம். காற்றாலை வாங்கச் சொல்லி அல்ல. முதலில் தங்கள் ஊராட்சியின் மோட்டார் பில்லை எடுத்து வைத்து, எந்த மோட்டார் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று பார்க்கச் சொல்லித்தான்.