பேட்டரி பிளஞ்ச் சா வாங்குமுன்: ரெயில், பிளேடு, பேட்டரி, அப்புறம்தான் மெஷின்

8×4 அடி பிளைவுட் ஷீட்டை டேபிள் சாவில் (மேசை நடுவில் பிளேடு நிற்கும் ரம்பம்) தள்ளி அறுக்க இரண்டு ஆள் வேண்டும். மெஷினுக்கு முன்னால் எட்டு அடி, பின்னால் எட்டு அடி இடமும் வேண்டும். பிளஞ்ச் சா என்பது பிளேடை மேலிருந்து பலகைக்குள் இறக்கி அறுக்கும் வட்ட ரம்பம். அதில் ஷீட் கிடந்த இடத்திலேயே கிடக்கும், ரெயில் என்ற நீள அலுமினியப் பட்டை மேல் மெஷின்தான் நகரும். வார்ட்ரோப், மாடுலர் கிச்சன், கதவு வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. அதிலும் பேட்டரி மாடல் வந்த பிறகு, கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் வராத கட்டடத்திலும் தொழிற்சாலை விளிம்பு மாதிரி அறுப்பு எடுக்க முடிகிறது.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை வோல்ட், எத்தனை ஆர்.பி.எம். என்றுதான். தினசரி வேலையில் நீண்ட நாள் புழங்கிய பிறகு தெரிவது வேறு. அறுப்பின் தரத்தை ரெயிலும் பிளேடும் தீர்மானிக்கின்றன, வேலை நிற்காமல் ஓடுவதைப் பேட்டரி தீர்மானிக்கிறது. இன்றைக்கு நல்ல கம்பெனி மெஷின் எதிலும் மோட்டார் பலம் ஒரு குறையாக இல்லை.

ரெயிலிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் மெஷினை மாற்றலாம், வாங்கிக் குவித்த ரெயிலை மாற்றுவது கஷ்டம். ஃபெஸ்டூல், மகிட்டா கம்பெனிகள் இரண்டின் ரெயிலும் அடிப்படையில் ஒரே வடிவம். ஒன்றின் மெஷின் மற்றதன் ரெயிலில் ஓடும். மில்வாக்கி, மெட்டாபோ மெஷின்களும் இதே குடும்பம்தான். பாஷ் புரொஃபஷனல் மெஷின்களும் மாஃபெல்லும் சேர்ந்து தனி வடிவம். டிவால்ட் ரெயில் இவை எதோடும் சேராது. நடுவில் மேடு, இரண்டு பக்கமும் அறுப்புக் கோட்டில் சில்லு பெயராமல் தடுக்கும் ரப்பர் விளிம்பு. தெரிந்த பட்டறைகளில் எந்த ரெயில் புழங்குகிறது, உங்கள் ஊரில் எதன் ரப்பர் விளிம்பும் இணைப்புக் கம்பியும் கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு அந்தக் குடும்பத்துக்குள் மெஷினைத் தேடுவது நல்லது.

நீளத்தில் பலர் தவறுகிறார்கள். பெட்டியோடு பெரும்பாலும் வருவது 1400 மி.மீ. ரெயில். ஷீட்டின் குறுக்கே 1220 மி.மீ. அறுக்க இது போதும், ஆனால் இரண்டு பக்கமும் 90 மி.மீ. தான் மிச்சம் இருக்கும். மெஷின் ஆரம்பத்திலும் முடிவிலும் ரெயில் மேல் முழுதாக உட்காராது. அந்த இரண்டு இடத்திலும் கையால் முன்பக்கத்தை அழுத்திப் பிடித்தால்தான் விளிம்பு வளையாமல் வரும். 2440 மி.மீ. நீளவாக்கில் அறுக்க 3000 மி.மீ. ஒற்றை ரெயில்தான் நேர்த்தி. ஆனால் அது அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் ஏறாது. சைட் வேலை அதிகம் என்றால் 1400 இரண்டை இணைத்து 2800 ஆக்குவதுதான் வழி.

இணைக்கும்போது இரண்டு ரெயில் முனைகளையும் முட்டக்கூடாது. முனை துல்லியமான செங்கோணத்தில் அறுபட்டிருக்கும் என்று நம்பி முட்டினால் அந்த இடத்தில் ரெயில் மெல்ல மடங்கிவிடும். 1 மி.மீ. இடைவெளி விட்டு, ரெயிலின் பின்விளிம்பில் நேரான அலுமினியப் பட்டை ஒன்றைச் சேர்த்துப் பிடித்து, அதன் பிறகு ஸ்க்ரூக்களை முறுக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு நீள அறுப்பு போட்டு, ஒரு துண்டை அப்படியே தலைகீழாகப் புரட்டி, அறுத்த விளிம்புகள் இரண்டையும் ஒட்ட வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். தெரியும் இடைவெளியில் பாதிதான் உண்மையான பிழை. ஷீட்டின் மூலைகளே செங்கோணமா என்று அறிய மூலைவிட்டம் அளக்கலாம்: 2440×1220 ஷீட்டுக்கு இரண்டு மூலைவிட்டமும் 2728 மி.மீ. வர வேண்டும்.

புது ரெயிலின் ரப்பர் விளிம்பை முதன்முதலில் அறுப்பதுதான் இந்தக் கருவியின் வாழ்க்கையில் மிக முக்கியமான அறுப்பு. அதில் வரிசை மாறவே கூடாது. முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு மெஷினை ரெயிலில் வைத்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேஸில் (மெஷினின் அடித்தட்டில்) இருக்கும் இரண்டு திருகு குமிழ்களையும் மெல்லத் திருப்பி, ஆட்டம் நின்று, ஆனால் தள்ளினால் வழுக்கிப் போகும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு ரெயிலுக்கு அடியில் வேண்டாத பிளைவுட் ஒன்றை முழு நீளத்துக்கும் போட்டு, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு, பிளேடு அந்தப் பலகைக்குள் 5 மி.மீ. இறங்குமாறு ஆழம் வைத்து, முழு வேகத்தில், எங்கும் நிற்காமல் ஒரே இழுப்பில் போக வேண்டும். இப்போது ரப்பர் முடியும் இடமே பிளேடு அறுக்கும் இடம். பென்சில் கோட்டில் ரப்பரை வைத்தால் போதும். ஆட்டத்தைச் சரிசெய்யாமல் ரப்பரை அறுத்துவிட்டு, பிறகு குமிழைத் திருப்பினால் கோடும் விளிம்பும் எப்போதும் ஒத்துப்போகாது. அரை மி.மீ. இடைவெளி விழுந்தாலே மைக்கா சில்லு பெயரத் தொடங்கும். புது ரப்பர் வாங்கி ஒட்ட வேண்டியதுதான்.

அதே காரணத்துக்காக 45 பாகை சாய்வு அறுப்புக்குத் தனியாக ஒரு ரெயில் ஒதுக்குவது நல்லது. சாய்வில் பிளேடு ரப்பரை வேறு கோட்டில் கடித்துவிடும். சாய்வில் இன்னொரு சிக்கல், மோட்டார் பாரம் மெஷினை ரெயிலிலிருந்து கவிழ்க்கப் பார்க்கும். மகிட்டாவில் ரெயிலின் உதட்டுக்கு அடியில் கொக்கி போட்டுப் பிடிக்கும் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. சாய்வு வேலை நிறையச் செய்பவர்களுக்கு அது ஒன்றே தேர்வைத் தீர்மானிக்கும் அளவுக்கு முக்கியம்.

இனி பிளேடு. இந்த வகை மெஷினில் பெரும்பாலும் 160 அல்லது 165 மி.மீ. விட்டம், 20 மி.மீ. துளை. பாஷின் 18 வோல்ட் ஜிகேடி 18வி-52 மட்டும் 140 மி.மீ. பிளேடு போட்டு 52 மி.மீ. ஆழம் எடுக்கிறது. வாங்குமுன் உள்ளூர்க் கடையில் இந்த அளவு பிளேடு கிடைக்கிறதா என்று கேளுங்கள். வேறு துளை பிளேடுக்கு வளையம் போட்டு ஓட்டவே கூடாது. மகிட்டா டிஎஸ்பி600 சுமையில்லாமல் 6300 ஆர்.பி.எம். வரை சுற்றும்; பிளேடு மேல் அச்சடித்திருக்கும் உச்ச வேகம் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். பற்களைப் பொறுத்தவரை பிளைவுட்டுக்கும் மைக்கா ஒட்டிய பலகைக்கும் 48 பல் போதும். எம்.டி.எஃப்.பும் (மரத்தூள் நாரை அழுத்திச் செய்த பலகை) பிரீலாமினேட்டட் போர்டும் (மேல்தோல் ஒட்டியே வரும் பலகை) மட்டுமே என்றால் 56 பல், தட்டையும் முக்கோணமும் மாறி மாறி வரும் வகை நீண்ட நாள் கூர் தாங்கும். தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுக்க 24 முதல் 28 பல். 48 பல் பிளேடால் 40 மி.மீ. தேக்கை நீளவாக்கில் தள்ளினால் தூள் வெளியேற இடமில்லாமல் விளிம்பு கருகும், பேட்டரியும் சூடாகும். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். தேக்குக்கும் பிளைவுட்டுக்கும் ஒரே பிளேடைப் போடுவது நஷ்டம்.

பிளேடு தின்னும் அகலமும் கவனிக்க வேண்டியது. ஃபெஸ்டூலின் புதிய டிஎஸ்சி 55 வரிசைக்கு 1.8 மி.மீ. பிளேடு. இப்படி மெல்லிய பிளேடு போட்டு வரும் மெஷினில் அறுத்த இடைவெளி மூடி பிளேடை இறுக்காமல் காக்க, கத்தி மாதிரிப் பின்னால் நிற்கும் பிரிப்பான் தகடும் அதற்கேற்ற தடிமனில் இருக்கும். பிளேடை மாற்றும்போது பற்களின் அகலம் தகடைவிட அதிகமாகவும், பிளேடின் உடல் தகடைவிட மெல்லியதாகவும் இருக்கிறதா பாருங்கள். டிஎஸ்பி600-இல் அந்தத் தகடே கிடையாது. பலகையின் நடுவில் இறக்கி அறுக்க அது வசதி, ஆனால் பலகை பிளேடை இறுக்கினால் தடுக்க எதுவும் இல்லை. வேறு அகல பிளேடு போட்டதும் அறுப்புக் கோடு ரப்பரிலிருந்து சற்றே விலகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விளிம்பு கருகினால் எல்லோரும் பிளேடைத்தான் பழிக்கிறார்கள். முதலில் அறுத்த முகத்தில் இருக்கும் வளைகோடுகளைப் பாருங்கள். பிளேடின் முன்பக்கப் பற்கள் மட்டும் அறுக்க வேண்டும். பின்பக்கப் பற்கள் நல்ல துண்டின் விளிம்பைத் தொடாமல் ஒரு தாள் கனமாவது விலகி மேலேற வேண்டும். பின்பக்கம் உரசினால் எதிர்த்திசை வளைகோடும் கருகலும் சில்லும் ஒன்றாக வரும். அப்போது பிளேடு ரெயிலுக்கு இணையாக இல்லை. வாரண்டி இருக்கும்வரை இந்தச் சரிசெய்தலைச் சர்வீஸ் சென்டரில் செய்துகொள்வதே நல்லது. ஃபீனால் பசை போட்ட 710 கிரேடு (தண்ணீர் தாங்கும் மரைன்) பிளைவுட் அறுத்தால் பற்களின் வேரில் பழுப்புப் பசை படியும், அதுவும் கருகலுக்குக் காரணம். சோடா உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். காஸ்டிக் சோடா வேண்டாம்.

மைக்கா, வினீர் (மெல்லிய மரத்தோல்) ஒட்டிய பலகைகளில் இரண்டு இழுப்பு முறை நல்ல பலன் தருகிறது. முதலில் 2 மி.மீ. ஆழத்தில் மேல்தோலை மட்டும் கீறி, அடுத்து முழு ஆழத்துக்குப் போக வேண்டும். மகிட்டாவில் இந்தக் கீறலுக்கென்றே தனி நிறுத்தம் இருக்கிறது. முழு ஆழம் என்றால் பலகைக்குக் கீழே 2, 3 மி.மீ. பிளேடு தெரிந்தால் போதும். ரெயிலின் கனம் சுமார் 5 மி.மீ.; சில மெஷினின் அளவுகோல் அதைக் கழித்தே காட்டும், சிலவற்றில் நாம்தான் கூட்ட வேண்டும். முதல் நாளே வேண்டாத துண்டில் சோதித்து, 18 மி.மீ. பலகைக்கான இடத்தை அளவுகோலில் மார்க்கரால் குறித்துவைத்தால் பிறகு தடுமாற்றம் இல்லை.

பேட்டரிக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். டிஎஸ்பி600-இல் 18 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராகச் சேர்ந்து 36 வோல்ட். 5 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) இரண்டு போட்டால் 180 வாட்-அவர். கரண்டில் ஓடும் இதே அளவு மெஷின் 1300 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், முழுச் சுமையில் இந்தச் சார்ஜ் எட்டு நிமிடம் தாங்கும். எட்டடி அறுப்பு 40 விநாடி எடுக்கும் என்றால் பன்னிரண்டு அறுப்பு. இது மிக மோசமான நிலைக் கணக்கு. 18 மி.மீ. பிளைவுட்டில் மோட்டார் அவ்வளவு இழுக்காது, நடைமுறையில் இதைவிடத் தாராளமாகவே கிடைக்கும். கனமான தேக்கில்தான் இந்த எண் நெருங்கி வரும். எனவே முழு நாள் சைட்டுக்கு 5 ஏ.எச். நான்கும், இரட்டைச் சார்ஜரும் இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை.

தொடரில் ஓடுவதால் இரண்டில் எது பலவீனமோ அது தீர்ந்ததும் மெஷின் நிற்கும். புதிய பேட்டரியோடு பழையதைச் சேர்த்தால் புதியதன் சக்தி வீண். வாங்கிய அன்றே ஜோடிகளுக்கு அ, ஆ என்று எழுதிவைத்து, ஜோடியாகவே சார்ஜ் போட்டு, ஜோடியாகவே ஓட்டுங்கள். டிரில்லுக்கு அ ஜோடியில் ஒன்றை எடுத்துப் போடும் பழக்கம் ஜோடியின் சமநிலையைக் கெடுக்கும். 2 ஏ.எச். சின்னப் பேட்டரி இந்த மெஷினுக்கு ஆகாது. சுமையில் வோல்ட் சரிந்து பாதி அறுப்பில் நிற்கும். கோடையில் அறுத்து முடித்த சூட்டோடு சார்ஜரில் செருகினால் ஆறும்வரை அது ஏற்றாது. வண்டியின் டிக்கியில் மதிய வெயிலில் விட்டுவைப்பதும் கூடாது. ரெயிலுக்கும் இதே கதை: வெயிலில் கிடந்தால் அடியில் ஒட்டிய வழுக்காப் பட்டையின் பசை இளகிக் கழன்றுவிடும்.

உதைப்பு பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. ஷீட்டின் நடுவில் இறக்கும்போது பின்பக்கப் பற்கள் மரத்தைப் பிடித்து மெஷினைப் பின்னோக்கி எறியும். ரெயிலில் மெஷினுக்குப் பின்னால் ஒரு கிளாம்பைத் தடையாகப் போட்டுவிட்டு, முழு வேகம் வந்த பிறகு மெதுவாக இறக்குவதுதான் பாதுகாப்பு. டிவால்ட் டிசிஎஸ்520-இல் பின்னோக்கி நகரவிடாத சக்கரம் ஒன்று ரெயிலை அழுத்திப் பிடிக்கிறது. ஃபெஸ்டூல் டிஎஸ்சி 55 கே-யில் மெஷின் மேலே எழும்புவதை பேஸிலுள்ள சென்சார் உணர்ந்து பிளேடை நிறுத்திவிடும். பட்டறையில் புதியவர்கள் கையில் மெஷின் போகும் என்றால் இதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். எந்த மெஷினானாலும் ஷீட்டை இரண்டு ஸ்டூல் மேல் வைத்து நடுவில் அறுக்காதீர்கள். நடு தொய்ந்து பிளேடை இறுக்கும். 50 மி.மீ. தெர்மோகோல் பலகையைத் தரையில் விரித்து அதன் மேல் ஷீட்டைப் போட்டால் இரண்டு துண்டும் கடைசிவரை அசையாமல் கிடக்கும்.

தூள் விஷயத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். தூளை உறிஞ்சும் வாக்குவம் எக்ஸ்ட்ராக்டர் பெரும்பாலும் கரண்டில்தான் ஓடுகிறது, குழாயும் மெஷினோடு இழுபடுகிறது. பட்டறையிலேயே முழு வேலையும் என்றால் வயர் உள்ள பிளஞ்ச் சாவே போதும், பேட்டரிக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல எக்ஸ்ட்ராக்டர் வாங்கலாம். பட்டறை, சைட் இரண்டுக்கும் அலைபவர்களுக்கு மகிட்டா டிஎஸ்பி601 மாதிரி, ஸ்விட்சை அழுத்தியதும் எக்ஸ்ட்ராக்டரைக் கம்பியில்லாமல் இயக்கும் வகை பொருத்தம். டைல்ஸ் போட்ட பிறகு கதவின் அடியைத் தேய்க்காமல் அரை நூல், ஒரு நூல் (ஒரு நூல் சுமார் 3 மி.மீ.) கழிக்கும் வேலைக்குப் பேட்டரி மாடலுக்கு ஈடு இல்லை. எக்ஸ்ட்ராக்டர் இல்லாமல் தூள் பை மட்டும் மாட்டி அறுத்தால், நாள் முடிவில் பிளேடு மூடிக்குள் அடைத்திருக்கும் தூளைப் பேட்டரி கழற்றி ஊதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் மேலே எழும்பும்போது சிக்கும்.

ரெயில் வழுக்கலுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். அது பலகைக்கு ஒட்டி, பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் போடும்போது குழிக்குழியாகத் தெரியும். வழுக்குப் பட்டையில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்தாலே போதும். அடிப்பக்கப் பட்டையில் படிந்த தூளை ஈரத் துணியால் துடைத்தால் பிடிமானம் திரும்பும். சுவரில் சாய்த்துவைத்த ரெயில் காலப்போக்கில் வளையும். ஆணியில் தொங்கவிடலாம், அல்லது படுக்கவைக்கலாம்.

பழைய மெஷின் வாங்குவதானால் மோட்டாரைக் கேட்டு ஏமாறாதீர்கள். ரெயிலில் வைத்து ஆட்டிப் பாருங்கள், பேட்டரி இல்லாமல் முழு ஆழத்துக்கு இறக்கி ஏற்றுங்கள், பேஸ் தட்டின் அடியை மூலைமட்டத்தின் விளிம்பு வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தட்டு கீழே விழுந்து வளைந்திருந்தால் எந்தப் பிளேடு போட்டாலும் நேர் அறுப்பு வராது, அதை மாற்ற ஆகும் செலவையும் விலையில் கழித்தே பேசுங்கள்.