கதவைக் கொடுத்தேன், குதிரை வந்தது

காரைக்குடியில் சொந்த மரத்தைக் கொடுத்து எதையாவது செய்யச் சொல்லப் போகிறீர்கள் என்றால், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயர் போடவில்லை. என்னிடம் ரசீது இல்லை. ரசீது இல்லாமல் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் எனக்குத்தான் வரும். தவிர, அதே தெருவில் நாணயமாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. பங்காளிகள் பதினொரு பேர். இரண்டாங்கட்டில் ஓடு சரிந்து மழை உள்ளே இறங்க ஆரம்பித்ததும், முகப்பையும் வளவையும் (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) விட்டுவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் இடிக்கலாம் என்று பேசி முடித்தார்கள். மற்ற ஊர்களிலும் இதுதான் நடக்கிறது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் ஒரு பக்கம் இருக்க, தூணும் நிலையும் லாரி ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன.

தூண்களை வாங்க வியாபாரிகள் வந்தார்கள். நான் கேட்டது கொல்லைப்புறக் கதவின் மூன்று பலகைகளை மட்டும். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், முக்கால் அடி அகலம், ஒன்றரை அங்குலம் கனம். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது அங்கே எங்களவர்களுக்கு இருந்த கடை, கணக்கு எல்லாம் போனது. இங்கே வந்து சேர்ந்திருந்த மரம்தான் மிஞ்சியது. அதில் ஒரு பலகையில் தாழ்ப்பாள் உரசி உரசிப் பிறைநிலா மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சின்ன வயதில் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டு நிற்பேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பேரனுக்குச் சித்திரையில் இரண்டு வயது. மூன்று பலகையையும் அறுத்து அவனுக்கு ஒரு ஆடுகுதிரை செய்துவிடலாம் என்று தோன்றியது. குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய சாமான் விற்கும் ஒரு பட்டறையில் இறக்கினேன். முதலாளி பலகையைத் தட்டிப் பார்த்து, நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தார்.

“வைரம் பாஞ்ச மரம்ணே. இந்த மாதிரி இப்ப எங்க கெடைக்குது? கூலி மட்டும் குடுங்க போதும்.”

கூலி பதினான்காயிரம் என்றார். அதிகம்தான். ஆனால் அவர் மரத்தைத் தடவிய விதத்தில் நான் மயங்கிவிட்டேன். எட்டாயிரத்தை ஜிபேயில் அனுப்பினேன், எதற்கு என்று ஒரு வரி கூட எழுதாமல். பலகையைப் படம் எடுக்கவில்லை. எடை போடவில்லை. ஒரு கையெழுத்து வாங்கவில்லை. முப்பத்தோரு வருடம் ஆபீசில் வவுச்சர் சரிபார்த்தவன் நான்!

மூன்று வாரம் என்றது இரண்டு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை போனேன். முதல் முறை “ஆசாரி ஊருக்குப் போயிருக்காரு.” இரண்டாவது முறை தலை மட்டும் தயாராகி, அதன் மேல் கறுப்பாகப் பாலிஷ் ஏறியிருந்தது. பாலிஷ் போடுவது கடைசி வேலை. உடம்பே சேராத குதிரையின் தலைக்கு எதற்கு முதலில் பாலிஷ் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், முகம் அழகு. நம் பக்கத்து அய்யனார் கோயில் மண்குதிரை மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு, காது நிமிர்ந்து, கழுத்தில் சலங்கை செதுக்கி வந்தது. செதுக்கியவருக்குக் கை இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. வீடே சுற்றி நின்று பார்த்தது. மீதி ஆறாயிரத்தை ரொக்கமாகக் கொடுத்தேன்.

பிறந்தநாள் அன்றே முதல் தடயம் கிடைத்தது. பேரன் குதிரையின் காதைக் கடிப்பான், அந்த வயதில் எதைத்தான் கடிக்காது குழந்தை? கடித்துவிட்டுத் திரும்பினால் வாயோரம் காப்பி குடித்தது போலப் பழுப்பு. என் மகள் ஈரத் துணியால் குதிரையின் காதைத் துடைத்தாள். துணியும் பழுப்பாகியது, காதின் நுனி வெளுத்தது. பட்டறைக்குப் போன் அடித்தேன். “புது பாலிஷ்ணே, ரெண்டு நாள்ல செட் ஆயிரும்” என்றார். மகள் காதில் துணியைச் சுற்றிவிட்டாள், பெங்களூருக்குக் கிளம்பிப் போனார்கள், குதிரை எங்கள் வீட்டில் நின்றது.

ஆவணியில் ஒருநாள் காலை வீட்டில் பெருக்கிக்கொண்டிருந்த என் மனைவி கூப்பிட்டாள். எங்கள் கூடத்தில் ஆத்தங்குடிக் கல், சிவப்பு. குதிரையின் வயிற்றுக்கு நேர் கீழே அந்தச் சிவப்பில் இளமஞ்சளாய் ஒரு பொடி, கோலமாவைச் சிட்டிகையாகக் கிள்ளிப் போட்டது போல. துடைத்தோம். மறுநாளும் அதே இடத்தில், அதே அளவு. மூன்றாம் நாள் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். குண்டூசி குத்தியது போல ஏழெட்டுத் துளைகள். விரலால் தட்டினால் மாவு கொட்டுகிறது. உளு, மரத்தை அரிக்கும் பூச்சி.

எண்பது தொண்ணூறு வருடம் மழையிலும் வெயிலிலும் கொல்லையில் நின்று ஒரு துளை விழாத கதவு, நாலு மாதத்தில் உளுத்துப் போகுமா? பழந்தேக்கின் வைரத்தில், அதாவது முற்றிய நடுமரத்தில், எண்ணெய் உண்டு, இந்தப் பூச்சி அதைத் தொடுவதில்லை. அதற்கு வேண்டியது மாவுச்சத்து உள்ள வெள்ளை மரம்.

சண்டைக்குப் போகலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தீபாவளி வந்துவிட்டது. பேரன் வந்தான், ஏறினான், ஆடினான். மூன்றாவது ஆட்டத்தில் முருங்கைக் கிளை முறிவது போல ஒரு சத்தம். குதிரையை ஆட வைக்கும் வளைந்த அடிக்கட்டை, அதாவது வளைகால், முன்பக்கத்தில் முறிந்து, பிள்ளை நெற்றி தரையில் பட விழுந்தான். வீக்கத்தோடு போயிற்று, தையல் எதுவும் இல்லை. முறிந்த இடத்தைப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேர்.

பள்ளத்தூர் பக்கம் ஒரு வயதான ஆசாரி இருக்கிறார். குதிரையை அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குதிரையைக் கவிழ்த்து, அடிவயிற்றில் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். சுருள் வெள்ளையாக வந்தது. அதை என் மூக்கருகே நீட்டினார். ஒரு வாசனையும் இல்லை. பிறகு அவர் பட்டறையில் கிடந்த பழைய தேக்குத் துண்டு ஒன்றை இழைத்துக் காட்டினார். புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தது போல ஒரு வாடை, கையில் லேசான பிசுபிசுப்பு.

“இது பெட்டி அடிக்கிற மாம்பலகை சார். தேக்குக் கலர் குடுத்திருக்கான்.”

வளைகாலைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. வளைவை அகலமான ஒரே பலகையிலிருந்து அப்படியே அறுத்தெடுத்தால், நடுவில் நார் நீளவாக்கில் ஓடும், இரண்டு நுனியிலும் குறுக்கே வெட்டுப்படும். குழந்தை முன்னும் பின்னும் சாயும்போது முழுப் பாரமும் விழுவது அந்த நுனியில்தான். அதனால் வளைவின் போக்கிலேயே நார் வருகிற மாதிரித் துண்டு துண்டாக எடுத்துக் கழுந்து (ஒரு துண்டின் நாக்கு அடுத்த துண்டின் துளைக்குள் பொருந்தும் மூட்டு) வைத்துச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய பட்டைகளை வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். வளைகால் குளம்புக்கு அப்பாலும் நன்றாக நீண்டு, நுனியில் ஒரு தடை இருந்தால்தான் குதிரை தலைகுப்புறப் போகாது. எங்கள் குதிரையில் தடையும் இல்லை, நீளமும் இல்லை. காலைச் சேர்த்த இடத்தில் கழுந்துக்குப் பதிலாக இரண்டு அங்குல ஆணி அடித்து, ஆணித் தலையைப் பட்டி வைத்து மூடியிருந்தார்கள். தேக்கே ஆனாலும் இந்த வேலைக்கு அது முறிந்திருக்கும் என்றார் ஆசாரி. மரம் மாறியது ஒரு மோசடி என்றால் இது இன்னொன்று, பிள்ளை விழுந்தது இதனால்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். முதலாளி இல்லை, உட்காருங்கள் என்றார்கள். உட்காராமல் பின்கொட்டகைக்குள் நடந்தேன். அங்கே இரும்புக்கால் வைத்து, மேலே கண்ணாடி போட்ட ஒரு டீப்பாய். மூன்று பலகைகள் பக்கத்தில் பக்கத்தில். கண்ணாடிக்குக் கீழே, இடதுபக்க ஓரத்தில், பிறைநிலா.

கண்ணாடி மேல் விரலை வைத்தேன். பள்ளம் விரலுக்கு எட்டவில்லை.

முதலாளி வந்தார். சத்தம் போட்டேன். அவர் போடவே இல்லை, அதுதான் எரிச்சல்.

“பழைய கதவுன்னா தாழ்ப்பாள் உரசத்தாண்ணே செய்யும். உங்க கதவுல மட்டுமா உரசும்? போட்டோ ஏதும் வச்சிருக்கீங்களா?”

இல்லை.

“பில்லு?”

அதுவும் இல்லை. குழந்தை விழுந்ததற்காக மனம் கேட்காமல் தருவதாகச் சொல்லி மூவாயிரத்தை எடுத்து நீட்டினார். வாங்கவில்லை. (வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள்.)

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடித்தேன். தமிழிலேயே பேசினார்கள், பொறுமையாகக் கேட்டார்கள், ரசீதைக் கேட்டார்கள். சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான தொகைக்கு வழக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடலாம். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், ஜிபே கணக்கை வைத்து எட்டாயிரம் கொடுத்ததைக் காட்டலாம், மூன்று பலகை கொடுத்ததை எதை வைத்துக் காட்டுவீர்கள் என்றார். குட்டி யானைக்காரர் சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம்.

நீங்கள் மரம் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு பலகையையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். அளவும் எடையும் போட்டு, ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். பலகையின் குறுக்குவெட்டில் உங்கள் எழுத்தை உளியால் கொத்தி வைத்தால் இன்னும் நல்லது. முடிந்தால் அறுக்கிற அன்று போய் நில்லுங்கள். பாலிஷ் ஏறுவதற்கு முன் வெறும் மரமாகப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். “இப்ப பாக்க முடியாதுண்ணே, தூசியா கெடக்கு” என்றால் தூசியோடேயே பாருங்கள்.

குழந்தைப் பொருள் என்பதால் சாயத்தையும் கேளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. அதனால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பற்றி நான் கேட்டபோது, “இது கைவினைப் பொருள்ணே” என்று முதலாளி சிரித்தார். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது முறைப்படி பதிவு செய்தவர்களுக்கு. பதிவுச் சீட்டைக் கேட்டேன். அதற்கும் சிரித்தார்.

உளுத்த குதிரையை வீட்டில் வைத்தால் மற்ற மரச்சாமானுக்கும் பரவும் என்று ஆசாரி சொன்னதால் உடம்பைக் கொளுத்திவிட்டோம். தலையில் துளை இல்லை, இருந்தாலும் பாலித்தீன் பையில் கட்டித் தனியாக வைத்திருக்கிறேன். ஆசாரி வேறு குதிரை செய்கிறார், பூவரசில்.

போன வாரம் நண்பர் மகனை அந்தக் கடைக்கு அனுப்பி டீப்பாயின் விலையைக் கேட்கச் சொன்னேன். முப்பத்தெட்டாயிரமாம். “ஒரிஜினல் பர்மா தேக்கு தம்பி, கானாடுகாத்தான் பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவு” என்று விளக்கினாராம்.