ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை நிபந்தனை: அக்ரிமென்ட் எழுதக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

காரைக்குடிப் பக்கம் சிறு தொழில் நடத்துகிறவர்கள், யாரிடமாவது அக்ரிமென்ட் எழுதக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமென்ட் கல், போடும் களம். மாமா காலத்துத் தொழில். களத்தை வீட்டுக்காரர் பார்க்கிறார், கணக்கு வழக்கு என்னுடையது. போன வருஷம் பெங்களூரில் ஒரு ஹோட்டல் கட்டடத்துக்கு 6,000 சதுர அடி ஆர்டர் வந்தது. மாதிரிக் கற்களைப் பார்த்துவிட்டு, "அக்ரிமென்ட்டை நீங்களே தயார் செய்து அனுப்புங்க" என்றார்கள்.

காரைக்குடியில் ஒரு கன்சல்டன்ட்டிடம் போனோம். 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் 14 பக்கம் ஆங்கிலத்தில் கொடுத்தார். அர்த்தம் கேட்டேன். "எல்லாக் கம்பெனிக்கும் போடுற ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தான். நம்பிக் கையெழுத்துப் போடுங்க அக்கா" என்றார். களத்தை ஒருமுறை வந்து பாருங்கள் என்று இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் வரவில்லை.

இரண்டு லோடு, 3,600 சதுர அடி போய்ச் சேர்ந்தது. 38 நாள் கழித்து ஒரு மெயில். கல் அக்ரிமென்ட்படி இல்லை, பாக்கி 2,40,000 ரூபாயைத் தர முடியாது, அபராதம் வேறு கட்ட வேண்டும் என்று. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவரை வைத்து வரி வரியாகப் படித்தோம். ஆறாம் பக்கத்தில் இருந்தது: சரக்கு சூளையில் சுட்டதாக இருக்க வேண்டும், நீர் உறிஞ்சுதல் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கல்லுக்குக் கல் நிறம் மாறக் கூடாது.

எங்கள் களத்தில் சூளையே கிடையாது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்டை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமென்டும் கொடுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் இது. கையால் ஊற்றுவதால் ஒன்றுபோல் ஒன்று இராது. அதற்காகத்தானே தேடி வந்து வாங்குகிறார்கள்! சூளையில் சுடுகிற ஏதோ விட்ரிஃபைடு டைல்ஸ் கம்பெனியின் அக்ரிமென்ட்டில் பெயரை மட்டும் மாற்றித் தந்திருக்கிறார். தகராறு வந்தால் குருகிராமில் மத்தியஸ்தம் என்றும் அதில் இருந்தது. எங்களுக்கும் வாங்கியவருக்கும் குருகிராமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போய்க் கேட்டதற்கு, "படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார். அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை.

மாதிரியைப் பார்த்துத்தானே வாங்கினார்கள் என்று நானும் வாதாடிப் பார்த்தேன். மாதிரி, எழுத்து இரண்டையும் வைத்து விற்றால் சரக்கு இரண்டோடும் பொருந்த வேண்டும் என்பது 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். எழுத்து தப்பாக இருந்ததால் மாதிரி எங்களைக் காப்பாற்றவில்லை.

பிறகு போன வக்கீல் ஐயா முதலில் கேட்டது, "உத்யம் பதிவு இருக்காம்மா?" சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு அது. நல்லவேளை, ஆர்டருக்கு முன்பே பதிந்திருந்தோம். 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு தொழில் சட்டப்படி, சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. இவர்கள் எழுதியது 38ஆம் நாள். அக்ரிமென்ட்டில் என்ன கெடு போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சிறு தொழில்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும் நம் பக்கத்து அரசுக் கவுன்சிலிலேயே மனுப் போடலாம், அக்ரிமென்ட்டில் உள்ள குருகிராம் அதைத் தடுக்காது. அபராதத் தொகையும் அப்படியே வாங்கியவர் கைக்குப் போய்விடாது. எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமானது எதுவோ அதுதான் கிடைக்கும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு.

மதுரைக் கவுன்சிலில் மனுப் போட்டிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. மிச்ச ஆர்டரும் போய்விட்டது. அதற்கென்று போட்ட கல் களத்தில் அடுக்கிக் கிடக்கிறது.

இப்போது எங்கள் அக்ரிமென்ட் நான்கே பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும். எழுதும் முன் வக்கீல் ஐயா களத்துக்கு வந்து ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். கையால் ஊற்றும் சிமென்ட் கல், நிறம் சற்று மாறும், வண்டியில் உடைவது இத்தனை சதவீதம் வரை யார் பொறுப்பு, பதிக்கும் ஆள் யாருடையவர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு தரப்பும் பின்பக்கம் கையெழுத்துப் போட்ட மாதிரிக் கல் ஆளுக்கு ஒன்று.

அந்தக் கன்சல்டன்ட் இப்போதும் காரைக்குடியில் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். உங்கள் கையில் அப்படி ஒரு ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட் இருந்தால், கையெழுத்துப் போடாமல் முதலில் சரக்கின் விவரம் உள்ள பக்கத்தைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் இருப்பது உங்கள் சரக்குதானா என்று பாருங்கள்.