டைம் டைமர்: கூட்ட மேசைக்கு ஏற்ற கடிகாரம்

அலுவலகக் கூட்டங்கள் குறித்த நேரத்தில் முடிய வேண்டும் என்று விரும்புவோருக்கு நான் மனமாரப் பரிந்துரைக்கும் கருவி டைம் டைமர். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜேன் ரோஜர்ஸ், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருந்த தம் சிறு மகளுக்காக 1990களில் உருவாக்கியது இது. 60 நிமிடம் வரை திருகி வைத்தால் முகப்பில் சிவப்பு வட்டு விரிகிறது. நேரம் கழியக் கழிய அது சுருங்கி, இறுதியில் மறைந்துவிடுகிறது. எண்களைப் படிக்கத் தேவையில்லாததால் மேசையின் மறுமுனையில் இருப்பவரும் மீதி நேரத்தை ஒரே பார்வையில் அறிந்துகொள்கிறார்.

எங்கள் வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் 10 நிமிடம் வைத்தோம், சிவப்பு மெல்லிய கீற்றாகக் குறைந்ததும், பேசிக்கொண்டிருந்தவரே, யாரும் இடைமறிக்காமல், "சரி, இதை யார் பார்த்துக்கொள்வது?" என்று முடிவுக்கு வந்தார். மூத்த அதிகாரியின் பேச்சை இளையவர் நிறுத்த வேண்டிய சங்கடம் இதனால் நீங்குகிறது என்பதையே இதன் தலையாய பயனாகக் கருதுகிறேன். கைப்பேசியில் நேரம் வைத்தாலோ, அதைத் தொட்டவர் குறுஞ்செய்திகளுக்குள் போய்விடுகிறார்.

விலை சற்று அதிகம். நிகழ்ச்சிநிரலை முன்கூட்டியே அனுப்பாத கூட்டங்களுக்கு இது உதவாது. சிறிய மேசைக்கு 8 அங்குல வகை போதும். பெரிய அறைக்கு 12 அங்குலமே ஏற்றது.