அத்தாவின் 14 கேசட்டுகளும் ஒரு மாடிக் கடையும்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அதைத்தான் கேட்பீர்கள். 60 நிமிட கேசட்டை எம்பி3 ஆக்கித் தர 300 ரூபாய், 90 நிமிடத்துக்கு 400, பென் டிரைவ் நம்முடையது. பத்துக்கு மேல் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள். நான் கொடுத்தது 14. கடை சென்னையில், எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் நெரிசலான தெரு ஒன்றில், செங்குத்தான படி ஏறிப் போக வேண்டிய முதல் மாடியில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. கீழே ஒரு குறையும் சொல்லப் போகிறேன், அந்தக் கடைக்காரப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

என்ன கேசட் என்றால், பாட்டு இல்லை. என் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) 1983 முதல் 1994 வரை சவூதியில், தம்மாமில் இருந்தார். ராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். அப்போது போன் பேசுவது கைக்கு எட்டாத செலவு, கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், அதனால் ரூமில் உட்கார்ந்து டேப்பில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற ஆள் யாராவது இருந்தால் கோடாலித் தைலம், சோப்பு, பால் பவுடர் டின்னோடு கேசட்டையும் கொடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதைக் கேட்டுவிட்டு வேறொரு கேசட்டில் பேசி அனுப்புவோம். 'குழல்இனிது யாழ்இனிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்' என்ற குறளைப் பள்ளியில் படித்த வாரமே டேப் முன்னால் நின்று ஒப்பித்தேன். மழலையை நேரில் கேட்காமல் நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டரில் கேட்டவர்களை வள்ளுவர் எந்தக் கணக்கில் வைப்பார் என்று அப்போது தோன்றவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். யுஎஸ்பி ஒயர் வைத்த சின்ன கேசட் பிளேயர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்கி வீட்டிலேயே செய்யலாமே என்று நினைப்பவர்களுக்கு: நானும் வாங்கினேன். குரல் போர்வைக்குள் இருந்து பேசுவது போல வந்தது, வேகமும் ஏறி இறங்கியது. பெரியவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. பதிவு செய்த டேப் ரெக்கார்டரின் ஹெட் (நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும், படிக்கும் பாகம்) எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் ஓட விடுகிற ஹெட்டும் இருந்தால்தான் குரலின் கூர்மை வருமாம். அத்தா ரூம் டேப்பில் ஹெட் லேசாகக் கோணலாக இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கேசட்டையும் போட்டு, காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டு, குட்டி ஸ்க்ரூடிரைவரால் ஹெட் பக்கத்து திருகை முடி அளவுக்குத் திருப்புகிறார். திருப்பத் திருப்ப போர்வை விலகுகிறது. இந்த ஒன்றுக்கே 300 ரூபாய் தகும். இரண்டு கேசட்டில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்து கிடந்தது, அவற்றின் டேப்பை எடுத்து வேறு கூட்டில் மாற்றிப் போட்டார். அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

பத்து நாளில் கொடுத்துவிட்டார்கள். ஊருக்குப் போய் வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து கேட்டோம். அத்தாவுக்கு இப்போது 78. 'அஸ்ஸலாமு அலைக்கும், இன்னைக்கி வெள்ளிக்கிழமை, அஸர் தொழுதுட்டுப் பேசுறேன்' என்று தன் நாற்பது வயதுக் குரல் வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நேரு 1930 முதல் 1933 வரை சிறைகளில் இருந்து மகள் இந்திராவுக்கு உலக வரலாறு முழுவதையும் கடிதமாக எழுதினார். என் அத்தாவின் உலகம் ரூமுக்கும் வேலை பார்த்த யார்டுக்கும் நடுவில் ஓடும் வேனோடு முடிந்துவிடும். மீதியெல்லாம் அம்மாவுக்கு: யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், கூரை ஒழுகுகிறதா, மாமாவிடம் பணம் கேட்காதே. எங்கள் பேச்சு வரும்போதுகூட 'தம்பிகிட்டச் சொல்லு' என்றுதான். எனக்கு நேராக அவர் பேசியது, கேட்ட கேசட் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் தேறினால் அதிகம்.

இதில் ஒரு கண்டுபிடிப்பு. ஆறாம் வகுப்பில் நான் சைக்கிள் கேட்டு அழுதபோது, 'இப்ப வேணாம்னு அத்தா சொல்லிட்டாக' என்றார் அம்மா. அந்தக் கோபம் எனக்குப் பல வருடம் இருந்தது. ஏழாவது கேசட்டின் பி சைடில் அத்தா சொல்கிறார்: 'தம்பிக்கு சைக்கிள் வாங்கிக் குடு, அடுத்த மாசம் சேத்து அனுப்புறேன்.' அறையே அமைதியாகிவிட்டது. அம்மா அசரவில்லை. 'ராத்தாவுக்குக் கம்மல் வாங்க வேண்டியிருந்துச்சு, ஒங்கிட்ட வேற என்ன சொல்ல?' (ராத்தா என்றால் அக்கா.)

கம்பராமாயணத்தில் கைகேயி ராமனிடம் காட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, கடைசியில் 'இயம்பினன் அரசன்' என்று முடிப்பாள். அரசன் அதை ராமனிடம் தன் வாயால் சொல்லவே இல்லை. கல்லூரியில் இதைப் படித்தபோது சூழ்ச்சி என்று எழுதி மார்க் வாங்கினேன். சைக்கிளுக்குப் பிறகு, நம் வீடுகளில் பாதி அப்பாக்கள் இப்படி 'இயம்பியவர்கள்'தானோ என்று இருக்கிறது. (அம்மா இதைப் படிக்க மாட்டார், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.) எழுத்தாளர் காஃப்கா 1919இல் தன் அப்பாவுக்கு நூறு பக்கத்துக்கு மேல் ஒரு கடிதம் எழுதி, சேர்க்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். அவர் சேர்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். ப்ராகில் இருந்தாலும் தபால் வழி அதேதான்.

இப்போது குறை. பாதி கேட்டுக்கொண்டிருந்தபோது அத்தா முதல்முறையாக வாய் திறந்தார்: 'இது நம்ம ரூம் இல்லையே.' என்னவென்று கேட்டால், ரூம் ஏசி லாரி மாதிரி இரையுமாம், அதைக் காணோமாம். அடுத்து அம்மா, அந்த கேசட்டுகளைத் தனியாக எத்தனை ராத்திரி கேட்டாரோ, ஓர் இடத்தில் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். 'இந்த எடத்துல அவுக கொஞ்ச நேரம் பேசாம இருப்பாகளே, அது எங்க?'

அப்போதுதான் ஃபைல்களின் நேரத்தைப் பார்த்தேன். முழுக்கப் பேசிய 60 நிமிட கேசட் ஒன்று 47 நிமிடம் காட்டியது. கடைக்குப் போன் செய்தால் எடுத்த பையன் பெருமையாகச் சொல்கிறான்: 'இரைச்சலை எடுத்துட்டோம் சார், பேச்சு இல்லாத கேப்பையும் சாஃப்ட்வேர்ல கட் பண்ணிட்டோம், கேட்க ஈஸியா இருக்கும்ல.' பாட்டு கேசட்டுக்கும் மேடைப் பேச்சுக்கும் அது நல்ல காரியமாக இருக்கலாம். இங்கே செய்யும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

பெரியவரிடம் பேசியதும் விஷயம் உடனே புரிந்தது. சுத்தம் செய்யாத மூலப் பதிவு வேவ் ஃபைலாக அவர்கள் கம்ப்யூட்டரில் இன்னும் இருந்தது. நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், அதனால் கேட்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை, ஒரு மாதத்தில் அழித்தும் விடுவார்களாம். ஹார்ட் டிஸ்க் கொண்டு போனேன், காசு வாங்காமல் ஏற்றிக் கொடுத்தார். நீங்கள் போனால் கேசட்டை நீட்டும்போதே 'வேவ் வேண்டும், எதையும் வெட்டாதீர்கள், இரைச்சலைத் தொடாதீர்கள்' என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது கேட்டால்தான் தருகிறார்கள், அது இன்னொரு குறை.

அம்மா நிறுத்தச் சொன்ன இடத்தை இரண்டு பதிவிலும் போட்டுப் பார்த்தேன். வெட்டியதில், 'தம்பி, சரி, நல்லாப் படி' என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் போல அத்தா முடித்துவிடுகிறார். நானும் அவரை அப்படித்தான் நினைத்து வளர்ந்தேன். மூலத்தில் 'தம்பி' என்கிறார். பிறகு 14 விநாடி ஏசி இரைகிறது. நடுவில் யாரோ டம்ளரை வைக்கிற சத்தம், ஒரு செருமல். அப்புறம்தான் 'சரி, நல்லாப் படி.'

நான் போட்டுக் காட்டியபோது அத்தா, 'அந்த ஏசியை அடுத்த வருசம் மாத்திட்டாங்க' என்றார்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், திருகு திருப்புகிற அந்தக் கைக்கு மட்டும் என்றால் ஐந்து. பதினொன்றாவது கேசட்டில் பூசணம் பிடித்து டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவசரப்பட்டால் அறுந்துவிடும் என்று பெரியவர் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த மாதம் போய்ப் பார்க்க வேண்டும். அதன் மேல் அத்தா கையெழுத்தில் 'தம்பிக்கு' என்று எழுதியிருக்கிறது.